விண்ட் வேனோடு ஆட்டோபைலட்டைச் சேர்ப்பது எப்படி?

விடியற்காலையில் சென்னையிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பினால் கரைக்காற்று கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடும். வெயில் ஏறியதும் அது அடங்கிவிடும். கடற்காற்று எழும்வரை இன்ஜின்தான் கதி. காற்றை வைத்தே திசை பிடிக்கும் விண்ட் வேனுக்கு அப்போது வேலையில்லை. அந்த நேரத்துக்குத்தான், காம்பஸை வைத்து ஓட்டும் சின்ன ஆட்டோபைலட்டான டில்லர் பைலட்டை (டில்லர் என்பது சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) அதோடு சேர்க்கிறோம்.

டில்லரை நேராகத் தள்ளினால் பைலட் பேட்டரியைக் குடித்துவிடும். இங்கே அது விண்ட் வேனில் காற்றுக்குச் சாயும் தகட்டின் வேலையை மட்டும் செய்கிறது. தகட்டின் அடிப்பகுதி சாய்ந்தால் தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு லேசாகத் திரும்பும். ஓடும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசைதான் கயிறு வழியாக டில்லரை இழுக்கிறது. மானிட்டர், ஏரிஸ் போன்ற, துடுப்பு ஊசல்போல ஆடும் விண்ட் வேன்களுக்கு இந்த முறை பொருந்தும்.

முதலில் ஒரு சோதனை. படகு ஓடும்போது தகட்டைக் கையால் இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் படகு வலது பக்கம் திரும்புகிறதோ, அங்கே பச்சை டேப் ஒட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

அப்புறம் தகட்டைக் கழற்றி, அதே இடத்தில் ஒரு குட்டை மரக்கட்டையைப் பொருத்துங்கள். பைலட்டின் தண்டு பாதி நீண்ட நிலையில், செங்குத்தாக நிற்கும் கட்டையோடு 90 டிகிரியில் இணைய வேண்டும். பைலட்டின் மறுமுனையைப் பின்பக்கக் கம்பியில் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். 316 ஸ்டீல் கிளாம்பாகப் பார்த்து வாங்குங்கள். சாதா இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிப்பதோடு பைலட்டுக்குள் இருக்கும் காம்பஸையும் குழப்பும். ஸ்பீக்கரும் பக்கத்தில் வேண்டாம்.

12 வோல்ட் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

சரி, இப்போது பைலட்டை ஆட்டோவில் போட்டு, வலது பக்கம் 10 டிகிரி பட்டனை அழுத்துங்கள். கட்டை பச்சை டேப் பக்கம் சாய வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் பைலட்டின் செட்டிங்கில் திசையை மாற்றுங்கள், அல்லது பைலட்டை மறுபக்கம் பொருத்துங்கள். தண்டு முழுசாக நீண்டு கட்டையை அதன் எல்லையில் முட்டித் தள்ளினால், கெயினை (பைலட் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற செட்டிங்கை) குறையுங்கள்.

படகு நகராவிட்டால் துடுப்புக்கு விசை கிடைக்காது. இரண்டு மூன்று நாட் (மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல்) வேகமாவது வேண்டும். இன்ஜினை ரொம்ப முடுக்கினாலும் புரொப்பெல்லர் கிளப்பும் தண்ணீர் துடுப்பை ஆட்டும்.

மீன்வலைகளும் கப்பல்களும் உள்ள இடத்தில் டில்லரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் போடும் முன் துடுப்பைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அது முறிந்துவிடும்.