மொட்டை மாடி மழைமானியை உலகத் தரவோடு பொருத்துவது எப்படி

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடி, திருவொற்றியூரில் ஒரு பள்ளி வளாகம், எண்ணூரில் கடலுக்கு அருகே ஒரு தானியங்கிக் கருவி என மூன்று இடங்களில் எங்கள் சிறு குழு மழையை அளக்கத் தொடங்கியது. முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மூன்று பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரே இரவில் பெய்த மழை மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. வீட்டில் காலை ஆறு மணிக்கு அளந்து முந்தைய நாள் தேதியில் எழுதியிருந்தார்கள். பள்ளியில் எட்டரை மணிக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதியிருந்தார்கள். கருவியோ நள்ளிரவில் கணக்கைப் பூச்சியமாக்கிக்கொண்டு, அந்த மழையை இரண்டு நாட்களுக்குப் பங்கிட்டு வைத்திருந்தது. எவர் அளவிலும் பிழையில்லை. ஆனாலும் மூன்றையும் சேர்த்து எதையும் சொல்ல முடியவில்லை.

1873-இல் வியன்னாவில் கூடிய பல நாட்டு வானிலையாளர்களுக்கு முன்னால் இருந்ததும் இதே சிக்கல்தான். எந்த நேரத்தில் அளப்பது, எந்த அலகில் எழுதுவது, எந்தக் குறியீட்டில் தந்தி அனுப்புவது என்பதில் உடன்பாடு இல்லாவிட்டால், ஒரு நாட்டின் அளவு அடுத்த நாட்டுக்குப் பயன்படாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக உருவானதே உலக வானிலை அமைப்பு; அதன் உடன்படிக்கை 1950 மார்ச் 23-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த அமைப்பு வகுத்திருக்கும் ஒழுங்கை வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் ஒரு சிறு குழு எப்படிக் கடைப்பிடிக்கலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பொருத்துங்கள்

உலகெங்கும் வானிலை நிலையங்கள் உலகப் பொது நேரப்படி (யுடிசி) 00, 06, 12, 18 மணிகளில் முதன்மைப் பதிவுகளையும், 03, 09, 15, 21 மணிகளில் இடைநிலைப் பதிவுகளையும் எடுக்கின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே உலகப் பொது நேரம் 03 மணி என்பது நமக்குக் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறை அன்றாட மழையை அந்த நேரத்தில் அளக்கிறது; செய்திகளில் 'காலை எட்டரை மணி நிலவரப்படி' என்று நாம் கேட்பதன் காரணம் அதுவே. உங்கள் குழுவில் உள்ள அனைவரும் 8.30-க்கு அளப்பதாக உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியவர் 7.30-க்குத்தான் அளக்க முடியும் என்றால் அளக்கட்டும், ஆனால் பதிவேட்டில் 7.30 என்றே எழுதட்டும். அளக்காத நேரத்தை எழுதுவது, அளவே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதலானது.

அடுத்தது தேதி. டிசம்பர் 4 காலை 8.30-க்கு அளக்கும் மழை, டிசம்பர் 3 காலை 8.30 முதல் பெய்தது. இந்தியாவில் அதை டிசம்பர் 4-இன் மழையாகவே எழுதுவார்கள். பிரிட்டனில் காலை அளக்கும் மழையை முந்தைய நாளின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். எனவே 2023-இல் மிக்ஜாம் புயலின்போது இங்கே டிசம்பர் 4 எனப் பதிவான மழை, அந்த வழக்கப்படி எழுதியிருந்தால் டிசம்பர் 3-க்குப் போயிருக்கும். இன்னொரு கண்ணியும் உண்டு. நம் நேரப்படி டிசம்பர் 4 அதிகாலை இரண்டு மணி என்பது உலகப் பொது நேரப்படி டிசம்பர் 3 இரவு 8.30 ஆகும், தானியங்கிக் கருவியின் மணிவாரிப் பதிவுகளைப் பகிரும்போது தேதி மாறுவதைக் கவனிக்காவிட்டால் ஒரு நாள் முழுதும் இடம் மாறிவிடும். கருவியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே ஓடவிட்டு, நம் நேரத்தைத் திரையில் மட்டும் காட்டச் செய்வது நல்லது என்பது என் அனுபவம்.

இடம்: வடசென்னையின் பெரும் சோதனை

சுற்றிலும் உள்ள கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில் மழைமானி இருக்க வேண்டும். மூன்று மாடி வீட்டின் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர் என்றால் 20 மீட்டர் திறந்தவெளி தேவை. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ குடியிருப்புத் தெருக்களில் அதற்கு வழியில்லை. பள்ளி மைதானம், மாநகராட்சி விளையாட்டுத் திடல், கோயில் நந்தவனம் ஆகியவற்றில் அனுமதி பெற முடிந்தால் அவற்றையே முதலில் நாடுங்கள். அங்கே மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். இந்தியாவில் அதுவே வழக்கம்.

மொட்டை மாடிதான் கிடைக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். மாடியின் நடுப்பகுதியில், தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் விலகி வையுங்கள். மாடியில் காற்று வேகமாக வீசும்போது துளிகள் மானியின் வாய்க்கு மேலாகச் சறுக்கிப் போய்விடுவதால், தரையில் கிடைப்பதைவிடக் குறைவாகவே பதிவாகும். அந்தக் குறையை மறைக்காமல், 'இரண்டாம் மாடி, தரையிலிருந்து 7 மீட்டர் உயரம், வடக்கே 3 மீட்டர் தள்ளி 2 மீட்டர் உயரத் தொட்டி' என்று எழுதி வைத்தால், தரவைப் பயன்படுத்துபவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார். இடத்தின் குறை சொல்லப்பட்டால் அது தரவின் ஒரு பகுதி; சொல்லப்படாவிட்டால் அது பிழை.

கையால் அளக்கும் மழைமானியில் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். 4 லிட்டர் கொள்ளளவுள்ள குடுவை 200 மில்லிமீட்டரோடு நிரம்பிவிடும். 2015 டிசம்பர் 1-ஐ நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆகவே 10 லிட்டர் குடுவையை வாங்குங்கள், அல்லது கனமழையின்போது இடையிலேயே அளந்து, குறித்துக்கொண்டு, கடைசியில் கூட்டுங்கள்.

தானியங்கிக் கருவியின் சாயும் வாளி, அதாவது சிறிதளவு நீர் நிரம்பியதும் சாய்ந்து ஒன்று என எண்ணும் சிறு கிண்ணம், மழை கொட்டும்போது சற்றுக் குறைத்து எண்ணும். புழுதியும் காக்கை இறகும் அடைத்தால் எண்ணவே எண்ணாது. எண்ணூர், மணலிப் பக்கத்தில் சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் மாதத்துக்கு இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கிறது. பருவமழைக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள கருவியில் 400 மில்லிலிட்டர் நீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டால் 20 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். வாய் சிறியதாக இருந்தால் நீரின் அளவையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம், அழுத்தம், காற்று

வெப்பமானி நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியில், தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; பெட்டியின் கதவு வடக்கு நோக்கித் திறக்க வேண்டும். சிமெண்ட் தளம் வெயிலை உறிஞ்சி மாலையிலும் கக்கிக்கொண்டிருக்கும் மொட்டை மாடியில் எடுத்த வெப்பநிலையை நான் வெளியே பகிர்வதில்லை. நுங்கம்பாக்கத்து அரசு வானிலை நிலையத்தின் அளவோடு அதை ஒப்பிடுவது நியாயமாகாது.

அழுத்தம் அப்படியல்ல. கட்டட நெருக்கம் அதைப் பெரிதாகப் பாதிக்காது என்பதால், வடசென்னை வீடுகளிலிருந்து உலகுக்குத் தரக்கூடிய மிக நல்ல அளவு அதுவே என்று நினைக்கிறேன். கருவி காட்டுவது அந்த இடத்தின் அழுத்தமா, கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தமா என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். மூன்றாம் மாடியில் இருப்பவர் இதைச் சரிசெய்யாமல் விட்டாலும், இரண்டு முறை சரிசெய்தாலும் அளவு கெட்டுப்போகும். கருவி சரியாக இயங்குகிறதா என்று அறிய நம் அட்சரேகையில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே அழுத்தம் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம் தொட்டு, மாலை நான்கு மணியளவிலும் அதிகாலை நான்கு மணியளவிலும் தாழும். அமைதியான நாளில் இந்த இரட்டை அலை தெரியாவிட்டால் கருவியைச் சந்தேகியுங்கள். காலையிலிருந்து மாலைக்குள் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைந்ததைக் கண்டு புயல் வருகிறது என்று எண்ணவும் வேண்டாம். நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்.

காற்றை 10 மீட்டர் உயரத்தில், திறந்தவெளியில் அளக்க வேண்டும் என்பது உலக விதி. சந்துகளில் சுழலும் காற்றை அளந்து அனுப்புவதால் பயனில்லை. காசிமேட்டுத் துறைமுகம் போன்ற வெட்டவெளியில் கருவி வைக்க முடிந்தால் மட்டும் பகிருங்கள். திசையைப் பொறுத்தவரை நம் மொழியும் உலக வழக்கமும் ஒன்றே. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் சொல்வதுபோல, காற்று எங்கிருந்து வருகிறதோ அதுவே அதன் திசை. வாடை 360 பாகை, கொண்டல் 90 பாகை. பூச்சியம் என்று எழுதினால் வடக்கு என்று பொருளல்ல. காற்றே இல்லை என்று பொருள்.

பூச்சியம், தூறல், வெற்றிடம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மழை பெய்யவில்லை என்றால் 0.0 என்று எழுத வேண்டும். தரை நனைந்தது, ஆனால் அளக்குமளவு நீர் சேரவில்லை என்றால் அது 'அளவிட முடியாத தூறல்'. பழைய தந்திக் குறியீட்டில் இதற்கு 990 என்ற எண்ணும், இன்றைய இருமக் குறியீட்டில் -0.1 என்ற மதிப்பும் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. ஊருக்குப் போயிருந்ததால் அளக்கவில்லை என்றால் கட்டத்தை வெற்றிடமாக விட வேண்டும். அளக்காத நாளில் பூச்சியம் போடும் பழக்கம் எங்கள் பதிவேட்டிலேயே இருந்தது. அதைப் பிரித்தெடுக்க முடியாமல் ஒரு மாதத் தரவை முழுதுமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்து வந்து அளந்தால், மூன்று நாளின் கூட்டு என்று குறிப்பிட்டு ஒரே பதிவாக எழுதுங்கள். மூன்றால் வகுத்துப் பங்கிடாதீர்கள்.

அலகு மில்லிமீட்டர், ஒரு தசமத்தோடு. செய்திகளில் சென்டிமீட்டரில் சொல்வது கேட்க எளிது, பதிவேட்டுக்கு ஆகாது. 'மழைநாட்கள்' எத்தனை என்று மட்டும் எழுதிப் பகிர்வதும் போதாது, ஏனெனில் இந்தியாவில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழைநாள். உலக வானிலை அமைப்பின் கணக்கில் 1 மில்லிமீட்டரே போதும். அன்றாட அளவைத் தந்துவிட்டால் யாரும் தமக்கேற்ப எண்ணிக்கொள்வார்கள்.

நிலையத்தின் வரலாறும் அடையாளமும்

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கருவியின் வகை, வைத்த நாள், நான்கு திசைகளிலும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். பக்கத்து வீட்டில் ஒரு மாடி எழும்பினால், கருவியை மாற்றினால், பார்வையாளர் மாறினால், அந்தத் தேதியை அதே பக்கத்தில் எழுதுங்கள். சென்னையில் இந்த ஒழுக்கம் புதியதல்ல. 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தொடங்கிய பதிவுகளை நாம் இன்றும் ஆராய முடிவதற்கு, எங்கே எதைக்கொண்டு அளந்தார்கள் என்பது தெரிந்திருப்பதே காரணம்.

ஒரு வீட்டின் துல்லியமான இடத்தை வெளியிடுவது அந்த வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தது. பொதுவில் இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். முழு எண்ணைக் குழு தன்னிடம் வைத்துக்கொள்ளலாம்.

அதிகாரப்பூர்வ நிலையங்களுக்கு உலக எண் உண்டு. மீனம்பாக்கம் 43279, நுங்கம்பாக்கம் 43278. புதிய அடையாள முறையில் மீனம்பாக்கம் 0-20000-0-43279 என்று நான்கு பகுதிகளாக எழுதப்படுகிறது. இந்த எண் உலக வானிலை அமைப்பில் அந்தந்த நாட்டுக்கு உள்ள நிரந்தரப் பிரதிநிதி வழியாகவே கிடைக்கும். நாமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளக் கூடாது. அதற்காக ஏங்கவும் தேவையில்லை. உலக வானிலை அமைப்பின் 'உலக அடிப்படைப் பார்வைப்பதிவு வலையமைப்பு' கேட்பது 200 கிலோமீட்டருக்கு ஒரு தரைநிலையம், மணிக்கு ஒரு பதிவு என்பதே. அதற்கு மீனம்பாக்கம் போதும்; ஆனால் அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கத்திவாக்கத்தில் கொட்டிய மழை அந்த ஒரு புள்ளியில் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவதே நம் பணி.

எங்கே, எப்படி அனுப்புவது

அரசு நிலையத்தின் பதிவு டெல்லியிலுள்ள மண்டலத் தொலைத்தொடர்பு மையம் வழியாக உலகுக்குச் செல்கிறது. 1995-இல் உலக வானிலை மாநாடு நிறைவேற்றிய 40-ஆம் தீர்மானம் இன்றியமையாத தரவைத் தடையின்றி, கட்டணமின்றிப் பகிர வழிசெய்தது; 2021-இல் வந்த ஒருங்கிணைந்த தரவுக் கொள்கை அதை மேலும் விரித்தது. பழைய உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் இடத்தை இப்போது இணையவழி இரண்டாம் தலைமுறைத் தகவல் அமைப்பு பிடித்துவருகிறது.

நம் அளவுகளை அதில் நேராகச் சேர்க்க இயலாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் பொதுமக்கள் தம் இடத்து வானிலையைப் பதிவிடும் பகுதி உண்டு. முதலில் அதைப் பயன்படுத்துங்கள். தானியங்கிக் கருவி வைத்திருப்போர் வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற பன்னாட்டுத் தளங்களிலும் இணையலாம். குழுவின் முழுத் தரவையும் எளிய அட்டவணைக் கோப்பாக வைத்து, தேதியை 2024-12-03 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/12 என்று எழுதினால் அமெரிக்காவில் அதை மார்ச் 12 என்று படிப்பார்கள். யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதை ஒரே வரியில் கோப்போடு சேர்த்துவிடுங்கள். பிழை கண்டால் மூலப் பதிவை அழிக்காமல், திருத்திய மதிப்பைத் தனி வரிசையில் போடுங்கள்.

புயல் நாளில்

துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது, கடலுக்குப் போகலாமா என்பதையெல்லாம் வானிலை ஆய்வு மையம் மட்டுமே சொல்ல வேண்டும். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் புயல் ஆலோசனை வழங்கும் பொறுப்பு டெல்லியிலுள்ள மண்டலச் சிறப்பு மையத்துக்கு உரியது. எச்சரிக்கை ஒரே குரலில் வந்தால்தான் காசிமேட்டில் ஒருவர் படகைக் கட்டுவாரா, அவிழ்ப்பாரா என்பதில் குழப்பம் நேராது. நம் குழு அளந்ததை மட்டும் சொல்லட்டும்: இந்த நேரத்துக்கு இவ்வளவு மழை, இவ்வளவு அழுத்தம். மின்சாரமும் இணையமும் நின்றுபோகும் என்று எதிர்பார்த்து, பென்சிலும் தாளும் நெகிழி உறையில் மானிக்கு அருகிலேயே இருக்கட்டும். மொட்டை மாடிக்கு ஏறுவது ஆபத்து என்று தோன்றினால் ஏற வேண்டாம். காற்று அடங்கியபின் அளந்து, அளந்த நேரத்தை எழுதினால் போதும்.

புதிதாகத் தொடங்குவோர் ஆகஸ்டிலேயே எல்லா மழைமானிகளையும் ஒரே மைதானத்தில் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு மாத மழையை ஒன்றாக அளந்து பாருங்கள். எந்த மானி எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்பதை அந்தந்த நிலையத்தின் பக்கத்தில் முதல் வரியாக எழுதியபிறகு, செப்டம்பர் இறுதிக்குள் அவரவர் மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள்.