43 பாட்டு அனுப்பாதீர்கள்: நண்பர்களுக்கு இண்டி ராக் குழுக்களை அறிமுகப்படுத்தும் முறை

பிடித்த இசைக்குழுவை நண்பனுக்கு அறிமுகப்படுத்துவதில் பத்து வருடங்களாகத் தொடர்ந்து தோற்றவன் எழுதுகிறேன். தோல்வியின் உச்சம் ஒரு தீபாவளி விடுமுறையில் நடந்தது. இரண்டு இரவு கண்விழித்து, 43 பாட்டுகளைப் பொறுக்கி, வரிசைகூடப் பார்த்துப் பார்த்து அமைத்து, கூட வேலை பார்க்கும் நண்பனுக்கு ஒரு பிளேலிஸ்ட் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டு மாதம் கழித்து மெல்ல விசாரித்தேன். "முதல் பாட்டில் யாரோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எப்போது பாட ஆரம்பிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது" என்றான்.

முணுமுணுத்தவர்கள் ஸ்லின்ட் குழுவினர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துப் பையன்கள். 1991-இல் வந்த அவர்களது 'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பத்தில் மொத்தமே ஆறு பாட்டுகள்தான். பாதி நேரம் குரல் பேச்சாகவே இருக்கும், திடீரென்று கிதார்கள் வெடிக்கும். எனக்கு அது உயிர். ஆனால் முதல்முறை வீட்டுக்கு வருபவருக்குப் பாகற்காய்ப் பொரியலை மட்டும் இலையில் வைப்பார்களா? நான் வைத்தேன்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். கடந்த ஒன்றரை வருடத்தில் ஏழு பேரிடம் முயன்றதில் நான்கு பேர் இப்போது தாமாகவே புதுக் குழுக்களைத் தேடிக் கேட்கிறார்கள். இண்டி என்றால் என்ன, ஆல்டர்நேட்டிவ் என்றால் என்ன என்ற வகுப்பையெல்லாம் இங்கே எடுக்கப்போவதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே நாலைந்து குழுக்களின் மேல் பைத்தியம், அதை அடுத்தவருக்கும் தொற்றவைக்க வேண்டும், அவ்வளவுதானே.

படி 1: நண்பரின் காது எதில் நிற்கிறது என்று பாருங்கள்

"உனக்கு என்ன மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் கேட்பேன்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர்களோடு ஒருமுறை காரிலோ பைக்கிலோ போங்கள். எதை முனகுகிறார்கள், எந்த இடத்தில் தொடையில் தாளம் விழுகிறது என்று கவனியுங்கள்.

என் நண்பன் ஒருவன் இளையராஜா பாட்டு ஓடினால் பல்லவியை முனகமாட்டான். அடியில் ஓடும் பேஸ் கிதாரைத்தான் "தும் துதும்" என்று பாடிக்கொண்டு வருவான். தமிழ்நாட்டில் எல்லா நட்பு வட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை விட்டுவிடாதீர்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. அவனுக்கு நான் கொடுத்தது கேலக்ஸி 500. ஹார்வர்டில் படித்த மூன்று பேரின் குழு, மூன்றே ஆல்பங்கள், 1991-இல் கலைந்துவிட்டது. அதில் நவோமி யாங்கின் பேஸ் கிதார் பின்னால் நின்று தாளம் தாங்காது. முன்னால் வந்து மெட்டையே பாடும். பாடகர் டீன் வேர்ஹமின் குரல் உச்சத்தில் ஆடும், கொஞ்சம் நடுங்கும். சுருதிக்காரர்களுக்கு அது பொறுக்காது. என் நண்பனுக்கோ அது காதிலேயே விழவில்லை. காது பேஸில் இருந்தது.

படி 2: கதவுப் பாட்டு

நான் வருடக்கணக்காகத் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரு குழுவில் இன்று உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது? அதை அனுப்பாதீர்கள். அது ஐம்பது முறை கேட்ட காதுக்குப் பிடித்த பாட்டு. முதல் ஆல்பம், மூன்றாவது ஆல்பம், குழு உடைந்த கதை எல்லாம் தெரிந்த பிறகு பிடித்த பாட்டு. உங்களை அந்தக் குழுவுக்குள் இழுத்துப்போட்டது அதுவாக இருந்திருக்காது. இழுத்துப்போட்ட பாட்டை இப்போது கேட்டால் உங்களுக்கே லேசாகச் சலிக்கும், "இதைப் போயா அனுப்புவது" என்று கூச்சம் வரும். கூச்சம் வருகிறதென்றால் சரியான பாட்டைப் பிடித்துவிட்டீர்கள்.

எனக்கு இது நியூசிலாந்தின் தி கிளீன் குழு விஷயத்தில்தான் உறைத்தது. டனீடன் என்ற சின்ன நகரத்தில் 1978-இல் கில்கோர் சகோதரர்கள் தொடங்கிய குழு. அவர்களுடைய நீண்ட, சுழன்று சுழன்று போகும் கிதார் பாட்டுகளைத்தான் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை முதலில் பிடித்தது எது என்று ஒருநாள் யோசித்தேன். 1981-இல் வந்த அவர்களது முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டு, 'டாலி ஹோ'. வெறும் 50 டாலர் செலவில் பதிவு செய்தது என்று சொல்வார்கள். குழந்தை விளையாட்டுச் சாமான் போல ஒரு கீபோர்டு துள்ளிக்கொண்டு வரும். அந்தப் பாட்டு நியூசிலாந்துத் தரவரிசையில் 19-ஆம் இடம் வரை போனது. அதை அனுப்பினேன். அன்று இரவே "இன்னொன்று?" என்று பதில் வந்தது.

தேர்ந்தெடுத்த பாட்டை அனுப்புவதற்கு முன் மூன்று சோதனைகள் வைத்திருக்கிறேன். நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் இருபது வினாடிக்குள் காதைத் திருப்பும் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். பாதியில் கை நின்றால் அனுப்பலாம். நல்ல ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக் கேட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் நண்பர் அப்படிக் கேட்கப்போவதில்லை.

இதில் எதிர்த்திசை ஆபத்து ஒன்றும் உண்டு. மினசோட்டா மாநிலத்து டலூத் ஊரின் லோ குழுவை ஒரு தோழிக்கு அறிமுகப்படுத்த, 1999-இல் அவர்கள் வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தட்டின் முதல் பாட்டை அனுப்பினேன். மணியோசையும் துள்ளலுமாக இருக்கும். மயங்கிப்போய், என்னைக் கேட்காமலே 1994-இன் முதல் ஆல்பத்தைத் திறந்துவிட்டாள். "போனில் ஏதோ கோளாறு, பாட்டு பாதி வேகத்தில் ஓடுகிறது" என்று செய்தி வந்தது. கோளாறில்லை, லோவின் வேகமே அதுதான். ஆலன் ஸ்பார்ஹாக்கும் அவர் மனைவி மிமி பார்க்கரும் ஒன்றிரண்டு டிரம்களை வைத்துக்கொண்டு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஊரே உறங்கிவிடும் அளவுக்கு நிதானமாக இரட்டைக் குரலில் பாடினார்கள். ஆக, கதவு அந்த வீட்டுக் கதவாகவும் இருக்க வேண்டும்.

படி 3: கூட ஒரே ஒரு வரி

இணைப்போடு எழுதும் செய்தியில் வரலாறு கூடாது. "இவர்கள் இல்லையென்றால் 90-களின் இசையே இல்லை" என்று எழுதினால், கேட்பவருக்குப் பரீட்சை எழுதும் பயம் வந்துவிடும். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். பேஸ் நண்பனுக்கு நான் எழுதியது: "பாடகரை விட்டுவிடு, பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்."

ஒலித்தரம் மோசமான பதிவென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒஹாயோவின் டேட்டன் நகரத்து கைடட் பை வாய்சஸ் குழு, பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் போலார்ட் நடத்தியது. 1994-இன் 'பீ தவுசண்ட்' ஆல்பத்தில் 20 பாட்டுகள், பெரும்பாலும் வீட்டிலேயே சாதாரண டேப் இயந்திரத்தில் பதிந்தவை. இரைச்சல் அதன் அழகு. நான் சொல்லாமல் விட்டதால் என் அத்தை மகள் தன் இயர்போன் பழுதாகிவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். அந்த 900 ரூபாயை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

சுவையான கதைகளைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேலக்ஸி 500-இன் முதல் சிங்கிள் 'டக்போட்'. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கிதார் கலைஞர் ஸ்டெர்லிங் மாரிசன் பிற்காலத்தில் ஹூஸ்டனில் இழுவைப் படகு ஓட்டினார், பாட்டின் பெயர் அதிலிருந்து வந்தது. பாட்டு பிடித்துப்போன பிறகு சொன்னால் ஆளே மலர்ந்துவிடுவார். முன்னால் சொன்னால் வெறும் துணுக்கு.

படி 4: எதில் அனுப்புவது

யூடியூப். விவாதமே இல்லை. சந்தா வேண்டாம், செயலி இறக்க வேண்டாம், உங்கள் அம்மாவின் போனிலும் திறக்கும். குழுவின் மேல் பிடிப்பு வந்த பிறகு பேண்ட்கேம்ப் பக்கம் அழைத்துப் போங்கள். அங்கே டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. நான் அந்த வெள்ளிக்காகவே வாங்க வேண்டியதைச் சேர்த்துவைப்பேன்.

பாட்டு முடிந்ததும் தானாக அடுத்ததைப் போடும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள். அதை வெறும் எரிச்சலால் சொல்லவில்லை. கேலக்ஸி 500-இன் 'ஸ்ட்ரேஞ்ச்' சிங்கிளாக வந்ததே இல்லை. ஆனாலும் ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய மற்ற பாட்டுகளையெல்லாம் தாண்டி அது ஓட ஆரம்பித்தது. காரணம் புரியாமல் குழுவின் டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கி 2018-இல் அதைப் பற்றி எழுதினார். 2017 தொடக்கத்தில் தானியங்கி ஓட்டம் இயல்பாகவே இயங்கும்படி மாற்றப்பட்டிருந்தது, மற்ற குழுக்களின் பாட்டுகளோடு ஒத்துப்போகும் பாட்டாக அந்த ஒன்றை இயந்திரம் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது என்று தெரியவந்தது. ஒரு குழுவின் பாட்டுகளில் எது அவர்களைப் போல இல்லாமல் எல்லோரையும் போல இருக்கிறதோ, அதை இயந்திரம் விரும்புகிறது. நீங்கள் கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்ததன் பின்னால் அது வந்து உட்காரும்.

படி 5: வாயை மூடுங்கள்

"கேட்டாயா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பொய் வரும். நான் மூன்று வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். அதுவரை அவர்களாகச் சொல்லவில்லையென்றால் பாட்டு விழவில்லை, விட்டுவிட்டு வேறு பேச்சு பேசுங்கள். எதிரே உட்காரவைத்துப் பாட்டைப் போட்டு அவர் முகத்தையே பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பாவம் அந்த முகம்.

படி 6: இரண்டாவது பாட்டு

"இன்னொன்று" என்று கேட்டால் அதே குழுவின் அடுத்த பாட்டை அனுப்புவதைவிட ஆட்களைப் பின்தொடர்ந்து போவது எனக்குப் பிடிக்கும். 'டாலி ஹோ'வில் அந்தக் கீபோர்டை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ். அவருடைய சொந்தக் குழு தி சில்ஸ். அங்கிருந்து 1984-இன் 'பிங்க் ஃப்ராஸ்ட்', குளிர் எலும்பில் ஏறும் பாட்டு. தி கிளீனில் பேஸ் வாசித்த ராபர்ட் ஸ்காட் பிறகு தி பேட்ஸ் குழுவைத் தொடங்கினார், 1987-இன் 'டாடிஸ் ஹைவே' ஆல்பத்தை ஞாயிறு காலையில் கேளுங்கள். எல்லாம் ஃப்ளையிங் நன் என்ற ஒரே வெளியீட்டகத்தைச் சுற்றி வளர்ந்த கூட்டம். ஒன்றுவிட்ட சித்தப்பா, பெரியம்மா மகன் என்று கல்யாண வீட்டில் உறவு கண்டுபிடிக்கும் நமக்கு இந்த வழி சட்டென்று பிடிபடும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த இருவர் "தி கிளீன் என்று தேடினால் பாத்திரம் தேய்க்கும் காணொளி வருகிறது" என்று எழுதினார்கள். நியாயமான புகார். இண்டி குழுக்களுக்குப் பெயர் வைப்பதில் பொறுப்பே கிடையாது. லோ, தி பேட்ஸ், கனடாவின் கால்கரி நகரத்தில் விமன் என்றே ஒரு குழு. குழுப் பெயரோடு ஆல்பம் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நண்பருக்கு வாய்மொழியாகப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், இணைப்பைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: "வரிகள் முக்கியம் என்று நினைக்கும் நண்பருக்கு என்ன கொடுப்பது? இந்தக் குழுக்களில் பாதிப் பேர் பாடுவது புரியவே இல்லை" என்று இன்னொருவர் கேட்டார். பிரிஸ்பேனின் தி கோ-பிட்வீன்ஸ். அந்த ஊரில் 2010-இல் திறந்த பாலம் ஒன்றுக்கு இந்தக் குழுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிரான்ட் மெக்லென்னன் எழுதிய, 1983-இல் வந்த 'கேட்டில் அண்ட் கேன்', கரும்பு வயல்கள் வழியே வீடு திரும்பும் பள்ளிச் சிறுவனின் நினைவு. சொற்கள் தெளிவாகக் கேட்கும். தாளம் மட்டும் நாலில் நிற்காமல் இடறிக்கொண்டே போகும், நடப்பவனின் கால் வரப்பில் சறுக்குவது போல. என் முதல் சோதனையில் இது லேசாகத் தோற்கும், பரவாயில்லை, வரிக்காரர்கள் பொறுமைசாலிகள்.

இந்தப் பாட்டை நெல்லிக்குப்பத்து நண்பன் ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டைச் சுற்றிக் கரும்பு. "வரப்பைப் பார்" என்று மட்டும் எழுதினேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது, பதில் இல்லை. நேற்று முக்கால் மணி நேரம் போனில் பேசினோம், ஆலைக்காரர்கள் தர வேண்டிய பாக்கியைப் பற்றி. நானும் கேட்கவில்லை.