நிதியுதவி விண்ணப்பம் எழுத ஏஐ: எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது

தொண்டு நிறுவனத்திற்கான நிதியுதவி விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும்போது முதலில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியைத் திறக்காதீர்கள். கள அறிக்கைகளையும் வருகைப் பதிவேட்டையும் தணிக்கை செய்த கணக்கையும் எடுத்து வையுங்கள். யாருக்கு என்ன தேவை, அந்தத் தேவை இருப்பது நமக்கு எப்படித் தெரியும், கிடைக்கும் பணத்தில் என்ன செய்வோம், பலன் கிடைத்ததை எதை வைத்து அறிவோம் என்பவற்றுக்குக் களப்பணியாளர்கள் சொல்லும் பதிலை, நடை கரடுமுரடாக இருந்தாலும், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் போனால், தெரியாததைக் கருவி ஊகத்தால் நிரப்பிவிடும்.

நிதி வழங்கும் அமைப்பின் விதிகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஏஐ பயன்படுத்தியதைச் சில அமைப்புகள் வெளிப்படையாகத் தெரிவிக்கச் சொல்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமோ, பெருமளவு ஏஐயால் உருவான ஆராய்ச்சி விண்ணப்பங்களை விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனையாக ஏற்பதில்லை என்ற விதியை 2025 செப்டம்பர் 25 முதல் நடைமுறைப்படுத்தியது.

கருவி நன்றாகச் செய்யும் வேலைகள் உண்டு. நீண்ட குறிப்பைச் சுருக்குவது, விண்ணப்பக் கேள்வியின் எந்தப் பகுதிக்குப் பதில் விடுபட்டுள்ளது என்று காட்டுவது, கண்டிப்பான மதிப்பீட்டாளரைப் போலக் கேள்வி கேட்பது ஆகியவற்றை அதனிடம் தாராளமாகக் கொடுக்கலாம். "புதிய தகவல் எதையும் சேர்க்காதே, தகவல் போதாத இடத்தைச் சுட்டிக்காட்டு" என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். சொல் எண்ணிக்கையை மட்டும் அதனிடம் நம்பி விடாமல் நீங்களே சரிபாருங்கள்.

திரும்பி வரும் வரைவில் மிகுந்த கவனம் தேவை. "பயிற்சி பெற்ற 42 பெண்களில் 27 பேர் ஆறு மாதத்திற்குப் பிறகும் தையலில் வருமானம் ஈட்டுகிறார்கள்" என்று நீங்கள் கொடுத்த வாக்கியம், "எண்ணற்ற பெண்களின் வாழ்வில் ஒளியேற்றினோம்" என்று மாறி வந்தால், பழையதையே திரும்ப வையுங்கள். மதிப்பீட்டாளருக்கு வேண்டியது அந்த 27 பேரும், மீதி 15 பேருக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும்தான். திட்ட விளக்கத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்: விளக்கத்தில் இரண்டு பயிற்றுநர்களும் செலவில் ஒருவருக்கான சம்பளமும் இருந்தால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். கருவி தரும் புள்ளிவிவரத்தை மூல ஆவணத்தில் கண்ணால் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

பயனாளிகளின் பெயர், நோய், முகவரி, குடும்பச் சூழல் எதையும் பொதுக் கருவியில் இடவே கூடாது. பெயரை நீக்கினாலும் மற்ற விவரங்களால் ஒருவரை அடையாளம் காண முடியும் என்பதை மறக்க வேண்டாம். நம்மை நம்பிச் சொன்னவர்களின் வாழ்க்கை அது.

இறுதி வரைவைத் திட்டத்தை நடத்தப்போகிறவரிடம் கொடுத்து, "இதையெல்லாம் நம்மால் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் ஒவ்வொரு வாக்குறுதியையும் அனுப்புவதற்கு முன் திருத்திவிடுங்கள்.