ஏழாவது படிக்கும் பிள்ளை வாசிக்கத் தடுமாறினால்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏழாவது படிக்கும் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றோடு வாயை மூடிக்கொள்வான்.

கண், காது இரண்டையும் பரிசோதித்தாகிவிட்டதா? சரி. அவனுடைய பாடப்புத்தகத்திலேயே ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தவே வேண்டாம், ஒரு நகலை வைத்துக்கொண்டு தடுக்கும் இடங்களைப் பென்சிலால் சுழித்தால் போதும். மூன்று நாளில் எங்கே சிக்கல் என்று பிடிபட்டுவிடும். 247 எழுத்து என்று நாம்தான் மலைக்கிறோம், டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைகூட எல்லாவற்றிலும் தடுக்குவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது கொம்பில். 'கொ'வைப் பாருங்கள்: கொம்பு முன்னால், கால் பின்னால், ஆனால் சத்தம் நடுவில் இருக்கும் 'க'வில் தொடங்குகிறது. 'கௌ' இன்னும் மோசம், அதை 'கெள' என்று வாசிக்கிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கெ, கே, கொ, கோ நான்கையும் அட்டையில் எழுதுங்கள், 'க' ஒரு நிறம், கொம்பும் காலும் வேறு நிறம். 'க'வில் முதலில் விரல் வைக்கப் பழக்குங்கள்.

ஆறாவதுக்கு மேல் பெரிய தலைவலி நீளமான சொற்கள். 'பள்ளிக்கூடங்களிலிருந்து' என்று இருந்தால் 'பள்ளி' மட்டும் வாசித்துவிட்டு மீதியை ஊகத்தில் அடித்துவிடுவான். பள்ளிக்கூடம், கள், இல், இருந்து என நான்கு துண்டுச் சீட்டில் எழுதி அவனையே சேர்க்கச் சொல்லுங்கள், 'ம்' எங்கே போனது என்றும் கேளுங்கள். அப்புறம் முதல் சீட்டை மட்டும் மாற்றி மரங்களிலிருந்து, குளங்களிலிருந்து. சொல்லின் வால் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். ஒரே பத்தியை நீங்கள் ஒரு தடவை, சேர்ந்து ஒரு தடவை, அவன் தனியாக ஒரு தடவை. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வந்தது என்று அவனே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கட்டும். அண்ணன் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

அறிவியல், சமூக அறிவியலை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வாசிப்பு வரும்வரை பாடம் காத்திருக்காது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி வட்டார வள மையச் சிறப்பாசிரியரைப் பாருங்கள். தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஆளோ கேட்பதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாவது அரையாண்டு முடிந்தபிறகு அலையாமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.