கரம் போர்டில் வாயாலும் அடிக்கலாம்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பேப்பரை மடித்து வைத்தால் அடுத்தது கரம்தான். பதினைந்து வருடமாக அந்த ஸ்டூலில் இருந்து தோற்றுப் பழகியவன் நான். நல்லாக அடிக்கிறவனை விட நல்லாகக் கதைக்கிறவனிடம்தான் அதிகம் தோற்றிருக்கிறேன். அந்தப் படிப்பினைதான் கீழே இருப்பது.

விதிகளை விளக்க நான் மினக்கெடப் போவதில்லை. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு; சிவப்புக்கு 3 புள்ளி, 25 எடுத்தவர் வெற்றி. இவ்வளவு தெரிந்தால் தொடங்கலாம்.

முதல் படி: எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

எதிராளியின் விரல், காயை அடிக்கிற வட்டான ஸ்ட்ரைக்கருக்குப் போகும் வரைக்கும்தான் உங்கள் வாய்க்கு அனுமதி. விரல் வைத்த பிறகு இருமல், தும்மல், கதிரையை இழுப்பது, ஸ்டூலைத் தட்டுவது எல்லாம் களவு. அது பகிடி இல்லை. நடுவர் இருக்கிற சுற்றுப்போட்டியில் விரல் வைக்க முந்திய கதையும் கூடாது, வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆளையும் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டு தோற்கத் தெரிந்தவரிடம் மட்டும் இதைச் செய்யலாம். மச்சான்மார் உத்தமம். மாமனாரிடம் வேண்டாம்.

இரண்டாம் படி: விரலைப் பற்றிக் கேளுங்கள்

கரம் அடிப்பது யோசிக்காமல் செய்கிற வேலை. யோசித்தால் கெட்டுவிடும். ஆகவே யோசிக்க வையுங்கள். "அண்ணை, அடிக்கேக்க உங்கட சின்னவிரல் தூக்கி நிக்குது, அது முந்தியே பழக்கமோ?" அவ்வளவுதான். குரலில் உண்மையான அக்கறை இருக்க வேண்டும். அடுத்த நாலு அடிக்கு அவர் காயைப் பார்க்கமாட்டார், சின்னவிரலைத்தான் பார்ப்பார். ஒரு மாலைக்கு ஒரு கேள்வி போதும். இரண்டாவதைக் கேட்டால் ஆள் பிடித்துவிடுவார்.

மூன்றாம் படி: பாராட்டி, பிறகு நிறுத்துங்கள்

இது ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சானிடம் படித்தது. அவர் அங்கே கோல்ஃப் விளையாடுகிறவர். வன்னியில் அவருக்கு கோல்ஃப் திடல் எங்கே கிடைக்கும், எங்களோடு கரம் போர்டில் வந்து குந்தினார். கோல்ஃபில் ஆளுக்கு ஆள் மோதுகிற ஆட்டத்தில், குழிக்குக் கிட்டக் கிடக்கிற பந்தை அடிக்காமலேயே விழுந்ததாக எடுக்கச்சொல்லி எதிராளிக்கு விட்டுக்கொடுக்கலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. இவர் முதல் நாலைந்து குழிக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பாராம். பிறகு ஒரு முக்கியமான குழியில், இரண்டடித் தூரத்தில் பந்து கிடக்க, இவர் வானத்தில் பறக்கிற கொக்கைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாராம். அதுவரைக்கும் ஒரு சின்ன அடி கூட அடித்துப் பார்க்காத மனிசனுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

கரத்தில் விட்டுக்கொடுக்க வழி இல்லை. ஆனால் "நல்ல அடி" இருக்கிறது. விழுகிற ஒவ்வொரு காய்க்கும் மனதாரச் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஆறாவது, ஏழாவது காய் விழும்போது ஒன்றும் சொல்லாதீர்கள். போர்டை மட்டும் பாருங்கள். என்ன பிழை விட்டேன் என்று அவர் தேடத் தொடங்குவார்.

நாலாம் படி: சிவப்பை ஆசையாகப் பாருங்கள்

இதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். உங்கள் புள்ளி 22 ஆகிவிட்டால் சிவப்பு உங்களுக்கு ஒரு புள்ளியும் தராது. புதிதாக விளையாடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காமல், சிவப்பையே கண் வெட்டாமல் பாருங்கள். அவர் பதறிப்போய் அதைத் துரத்துவார். எடுத்து, அடுத்த அடியில் தன் காய் ஒன்றையும் விழுத்திக் கவரும் பண்ணினால் இன்னும் நல்லது, உங்கள் தலையிடி தீர்ந்தது. சிவப்பு கிடக்க உங்கள் கடைசிக் காய் விழுந்தால் அந்த போர்ட், அதாவது அந்தச் சுற்று, உங்கள் கையை விட்டுப் போய்விடுமே. போர்டை நீங்கள் வென்றால் அவர் எடுத்த சிவப்புக்கு அவருக்கும் ஒன்றும் இல்லை. உலகச் சம்பியனாக இருந்த எங்கள் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ போன்றவர்களிடம் இந்தப் பருப்பு வேகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: போர்ட் சரிவு

மாரி காலத்தில் போர்ட் ஈரம் பிடித்து ஸ்ட்ரைக்கர் இழுபடும். சோளகக் காற்றில் பவுடர் பறக்கும். இதெல்லாம் உண்மையான பிரச்சினைகள், ஆகவேதான் இல்லாத பிரச்சினை ஒன்றையும் நம்புவார்கள். "உங்கட பக்கம் போர்ட் கொஞ்சம் சரிவாக் கிடக்குது போல, பாத்து அடியுங்கோ." இதை உதவி செய்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். இல்லாத சரிவுக்கு அவர் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்து அடிப்பார். காய் குழியின் விளிம்பில் முட்டித் திரும்பி வரும். அதைப் பார்த்து, சரிவு உண்மைதான் என்று தானே முடிவெடுப்பார். பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் யாராவது இதைச் சொன்னால் பதறாமல் போனை எடுத்து மட்டம் பார்க்கிற செயலியைப் போர்டில் வையுங்கள். இரண்டு நிமிசத்தில் தெரிந்துவிடும். நான் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

போன சித்திரையில் எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்த ஒரு ஐயாவிடம் இந்தச் சரிவுக் கதையைச் சொன்னேன். எழுபது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். "ஓம் தம்பி, நானும் கவனிச்சனான்" என்றார். எழும்பிப்போய் அன்றைய பேப்பரின் ஒரு மூலையைக் கிழித்து, நாலாக மடித்து, போர்ட் வைத்திருக்கிற ஸ்டூலின் ஒரு காலுக்குக் கீழே வைத்தார். என் பக்கமா, தன் பக்கமா என்று நான் பார்க்கவில்லை. மூன்று போர்டும் அவருக்கே போனது. நான் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேப்பர்த் துண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுத்தால் போர்ட் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு இப்போதும் தெரியாது.