பழைய மின்சார வேனுக்குப் புது பேட்டரி: எந்த வகை செல் எடுப்பது?

மின்சார வேனின் பேட்டரி படுத்துவிட்டால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்த லித்தியம் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க சார்ஜர் எத்தனை வோல்ட்டில் முடிக்குது? கன்ட்ரோலர் எத்தனை வோல்ட் வரை தாங்கும்?" பெரும்பாலும் பதில் வராது. செல் விலைப்பட்டியல் மனப்பாடமாக இருக்கும், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், செல் வகையை முடிவு செய்வது வேனில் ஏற்கெனவே இருக்கிற மற்ற சாமான்கள்தான்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வருவது. கன்ட்ரோலரின் குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்ட் எவ்வளவு? சார்ஜர் முடிக்கும் வோல்ட் எவ்வளவு? மேடு ஏறும்போது அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? விளக்கு, ஹார்ன், வைப்பருக்கு 12 வோல்ட் கொடுக்கும் டிசி-டிசி கன்வர்ட்டர் எந்த வோல்ட் வரம்புக்குள் வேலை செய்யும்? பேட்டரிப் பெட்டியின் உள்ளளவு என்ன? கடைசியாக, வேன் ராத்திரி எங்கே நிற்கிறது, அங்கே உறைபனி விழுமா? கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை. ஒரு வகை செல்லை அடியோடு தள்ளிவிடக்கூடிய கேள்வி அது.

என் வேனையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 16, எல்லாம் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மொத்தம் 96 வோல்ட். ஒவ்வொன்றும் 225 ஆம்பியர் மணி, 28 கிலோ. ஆக பேட்டரி மட்டும் 450 கிலோவுக்குப் பக்கம். கன்ட்ரோலர் 60 முதல் 120 வோல்ட் வரை ஏற்கும். சார்ஜர் 115.2 வோல்ட்டில் முடிக்கும்.

காகிதத்தில் 96 × 225 என்றால் 21,600 வாட் மணி, அதாவது 21.6 யூனிட். அந்த 225 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கிற எண். 75 ஆம்பியர் இழுத்தால் இந்த அளவு பேட்டரி 2 மணி நேரம்கூட நிற்காது, கையில் வருவது 150 ஆம்பியர் மணிக்கும் குறைவு. அதையும் அடிவரை காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் நிஜமாகப் பயன்படுத்த முடிவது 10 யூனிட்தான். சின்ன சரக்கு வேன் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய கால் யூனிட் சாப்பிடும். அப்படியானால் 40 கிலோமீட்டர். பழைய பேட்டரியின் எண்ணையும் புது லித்தியத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்து "ரெண்டும் 20 யூனிட்தானே" என்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். உங்கள் தினசரி கிலோமீட்டரை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். அவ்வளவு யூனிட் போதும். தேவைக்கு இரண்டு மடங்கு பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிவது சரக்கு இடத்துக்குத்தான் நஷ்டம்.

இப்போது செல்லுக்கு வரலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி, ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட். முழுச் சார்ஜில் 3.65, அதைத் தாண்டக் கூடாது. 96-ஐ 3.2-ஆல் வகுத்து 30 செல் என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். என் சார்ஜர் 115.2 வோல்ட்டில் முடிக்கிறதே, அதை 30-ஆல் வகுத்துப் பாருங்கள்: செல்லுக்கு 3.84 வோல்ட். செல் கெட்டது. அதே 115.2-ஐ 32-ஆல் வகுத்தால் சரியாக 3.6. முழுச் சார்ஜில் 32 செல்லும் சேர்ந்து 116.8 வோல்ட், கன்ட்ரோலரின் 120-க்குக் கீழே. இரண்டு செல் கூடப் போட்டதில் சார்ஜரும் கன்ட்ரோலரும் தப்பித்தன. ஆனால் சில லெட் ஆசிட் சார்ஜர்களில் அவ்வப்போது தானாக ஓடும் ஈக்வலைஸ் சுற்று (செல்களைச் சமப்படுத்த வோல்ட்டை வேண்டுமென்றே ஏற்றுவது) ஒன்று உண்டு. அது 120 வோல்ட்டையும் தாண்டும். அதை நிறுத்த வழியில்லாத சார்ஜர் என்றால், மனம் கேட்காவிட்டாலும் சார்ஜரை மாற்றுங்கள்.

எடையைப் பாருங்கள். 200 ஆம்பியர் மணி எல்எஃப்பி செல் ஒன்று 4 கிலோ. 32 செல் 128 கிலோ, பெட்டி, கம்பி, செல்களை இணைக்கும் பஸ்பார் பட்டை எல்லாம் சேர்த்து 170 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 20.5 யூனிட்டில் 80 சதவீதம் தாராளமாகப் பயன்படுத்தலாம், 16 யூனிட்டுக்கு மேல் வரும். 40 ஓடிய வேன் 65 ஓடும், 280 கிலோவும் குறையும். சார்ஜ்–டிஸ்சார்ஜ் சுற்று 2000-க்கு மேல் தாங்கும். பெரும்பாலான வேன்களுக்கு நான் எல்எஃப்பி சொல்வது இதனால்தான்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் உலோகமாக உள்ளே படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிர் பிரதேசத்தில் வெளியே நிற்கும் வேன் என்றால் பெட்டிக்குள் சூடேற்றும் தகடு வைத்தே ஆக வேண்டும். "எல்எஃப்பி தீப்பிடிக்காது" என்று சொல்லி விற்பவர்களையும் முழுதாக நம்பாதீர்கள். மற்ற லித்தியத்தைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், அது நிஜம். ஆனால் செல் கெட்டு வீங்கினால் வெளிவரும் வாயு எரியக்கூடியது. பெட்டிக்கு வெளிப்பக்கம் காற்றுப்போக்கு வேண்டும், ஓட்டுநர் அறைப் பக்கம் கூடாது.

அடுத்தது என்எம்சி, நிக்கல்–மாங்கனீஸ்–கோபால்ட். ஒரு கிலோவுக்குள் அதிக யூனிட் அடங்கும். விபத்தில் சிக்கிய மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய மாட்யூல்கள் (பல செல்கள் சேர்ந்த கட்டுகள்) மலிவாகக் கிடைப்பதால் பலருக்கு இதன்மேல் ஆசை. செல்லுக்கு 4.2 வோல்ட் முழுச் சார்ஜ், என் கன்ட்ரோலருக்கு 28 செல் போட்டால் 117.6. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் 20 யூனிட் அளவில் எல்எஃப்பியைவிட மிச்சமாவது 40 கிலோ. காருக்கு அது பெரிது, 600 கிலோ ஏற்றும் வேனுக்கு ஒன்றுமில்லை. வெயிலில் முழுச் சார்ஜோடு நிறுத்தினால் என்எம்சி வேகமாகக் கிழடு தட்டும், சூடு எல்லை மீறினால் தீ மூர்க்கமாக இருக்கும். பெட்டி மிகச் சிறியது, வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள். அப்போதும் கார்க்காரன் வைத்திருந்த குளிரூட்டும் தகட்டோடு எடுங்கள். அது இல்லாமல் மாட்யூலை மட்டும் கொடுத்தால் வேண்டாம்.

எல்டிஓ, அதாவது லித்தியம் டைட்டனேட், கடுங்குளிருக்கும் அவசரச் சார்ஜுக்கும் பிறந்தது. உறைபனியிலும் சார்ஜ் ஏறும், பத்தாயிரம் சுற்று தாங்கும். ஆனால் செல்லுக்கு 2.3 வோல்ட்தான், 42 செல் வேண்டும், 20 யூனிட்டுக்கு 290 கிலோ வரும். நாள் முழுக்க ஒரே பாதையில் ஓடி ஒவ்வொரு நடைக்கும் பத்து நிமிடம் சார்ஜில் நிற்கிற வேன் என்றால் யோசிக்கலாம்.

சோடியம் அயனி பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். குளிரை நன்றாகத் தாங்கும். சிக்கல் வோல்ட் வரம்பில்: முழுச் சார்ஜில் 4 வோல்ட், காலியாகும்போது 1.5. என் வேனுக்கு 29 செல் போட்டால் மேலே 116, கீழே 43.5. கன்ட்ரோலர் 60-லேயே நின்றுவிடும், அடியில் இருக்கிற சார்ஜ் அப்படியே தங்கிவிடும். வோல்ட் இறங்க இறங்க அதே வேகத்துக்கு ஆம்பியரும் ஏறும். அகலமான வரம்புள்ள கன்ட்ரோலர் இருந்தால் ஒழிய அவசரப்பட வேண்டாம்.

லெட் ஆசிட்டையே திரும்பப் போடலாமா? போடலாம். தினம் 20, 25 கிலோமீட்டர், சார்ஜரை மாற்ற மனமில்லை, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சோம்பல் இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காருக்கான ஸ்டார்ட்டர் பேட்டரியை மட்டும் போட்டுவிடாதீர்கள், அடிக்கடி ஆழமாகக் காலியாவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகைதான் வேண்டும்.

வகையை முடிவு செய்த பிறகும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, சோலார் சேமிப்புக்கான எல்எஃப்பி செல். அளவு பெரியது, விலை குறைவு, பார்க்க அச்சு அசல் அதே நீலப் பெட்டி. 200 ஆம்பியர் மணி செல்லிடம் தொடர்ந்து 100, 200 ஆம்பியர் கேட்டால் கொடுக்கும். மேட்டில் வேன் 350 கேட்கும்போது வோல்ட் பொத்தென்று விழும், டெர்மினல் சுடும். செல்லின் தாளில் தொடர் டிஸ்சார்ஜ் எத்தனை ‘சி’ என்று பாருங்கள் (200 ஆம்பியர் மணி செல்லுக்கு 1 சி என்றால் 200 ஆம்பியர்). சேமிப்பு செல்களில் பெரும்பாலும் 0.5 அல்லது 1 இருக்கும், வேனுக்கு 2 வேண்டும்.

மற்றொன்று, "அப்படியே மாற்றிப் போடலாம்" என்று விற்கிற 12 வோல்ட் லித்தியம் பெட்டிகள். எட்டை சீரிஸில் போட்டால் 96 வோல்ட் வந்துவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணித்து ஆபத்தென்றால் துண்டிக்கும் சர்க்யூட், இருக்கிறது. ஏதாவது ஒன்று சுற்றைத் துண்டித்தால் மொத்த 96 வோல்ட்டும் அந்த ஒரு பெட்டியின் டிரான்சிஸ்டர்கள் மேல் விழும். அத்தனை வோல்ட்டுக்கு அவற்றைச் செய்திருக்க மாட்டார்கள். எத்தனை பெட்டி வரை சீரிஸ் போடலாம் என்று தயாரிப்பாளரே தாளில் எழுதியிருப்பார், பெரும்பாலும் நான்கு.

தனி செல்லாக வாங்கி, 32 செல்லையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஒரே பிஎம்எஸ் போடுவதுதான் என் வழி. அது கான்டாக்டரை (பேட்டரியை வேனோடு இணைக்கும் பெரிய சுவிட்ச்) துண்டிப்பதற்கு முன் ஓட்டுநருக்கு விளக்கோ ஒலியோ எச்சரிக்கை தர வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் கரன்டைத் திருப்பி அனுப்பும் வேனில் இது இன்னும் முக்கியம். அந்த நேரம் பார்த்து கான்டாக்டர் திறந்தால் போக இடமில்லாத கரன்ட் கன்ட்ரோலரைச் சுட்டுவிடும். உங்கள் வீடு மேட்டில் இருந்தால் சார்ஜை செல்லுக்கு 3.45 வோல்ட்டில் முடித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கும்போது திரும்பி வரும் கரன்டுக்கு இடம் இருக்கும்.

டாஷ்போர்டில் இருக்கும் பழைய வோல்ட் முள்ளை மறந்துவிடுங்கள். எல்எஃப்பியின் வோல்ட் நடுவில் கிட்டத்தட்ட அசையாது, பாதி இருக்கிறதா கால்வாசி இருக்கிறதா என்று முள்ளுக்குத் தெரியாது. ஷண்ட் (கரன்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர்) வைத்து, உள்ளே போய் வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் மீட்டர் வேண்டும். 280 கிலோ குறைந்த வேன் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்ப்ரிங் பட்டையில் ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கலாம், பிரேக்கையும் சோதியுங்கள். பதிவு, காப்பீட்டுத் தாள்களில் மாற்றத்தைச் சொல்ல வேண்டுமா என்று செல் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

செல் வந்ததும் நேராக வேனில் ஏற்றாதீர்கள். முதலில் சீரிஸில் மாட்டி, பிஎம்எஸ் மேற்பார்வையில், ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொடும் வரை சார்ஜ் செய்யுங்கள். பிறகு பிரித்து எல்லாவற்றையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) மாட்டி, பவர் சப்ளையை இணைப்பதற்கு முன்பே 3.65-ல் வைத்து, ஆம்பியர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகும் வரை விடுங்கள். இதைத் தவிர்த்தால் ஒரே ஒரு செல் எப்போதும் முந்திக்கொண்டு நிரம்பும், மொத்தச் சார்ஜும் அதோடு நின்றுவிடும்.

மாட்டும்போது ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும், வாட்ச், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும். இணைப்பைப் பிரிக்கும்போது வரும் டிசி ஆர்க் (மின்பொறி) ஏசியைப் போலத் தானாக அணையாது, ஃபியூஸும் கான்டாக்டரும் டிசிக்கு என்றே எழுதியிருக்க வேண்டும். 16-வது செல்லுக்கும் 17-வது செல்லுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைக் கடைசியில் மாட்டுங்கள். அதுவரை கையாள்வது ஐம்பது வோல்ட் சொச்சம் உள்ள இரண்டு பாதிகளைத்தான். அதை மாட்டியதும் கான்டாக்டரை நேராக மூடாமல், ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் வழியாகக் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் நிரம்பச் சில விநாடி கொடுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டு, செல் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை பாருங்கள், ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.