ஆலோசகரிடம் பழைய கணக்குக் கேட்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையில், என் வீட்டு விறாந்தையில் உயர்தர அரசறிவியல் மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் தவணைத் தலைப்பு: அமெரிக்கப் படைகளில் தன்பாலீர்ப்பாளர்களைத் தடுத்த கொள்கைக்கு, அன்று ஆலோசனை சொன்னவர்கள் இன்றும் பொறுப்பா? "இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு, டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். கடற்படைத் தளத்தை வைத்து வளர்ந்த ஊர் இது; படையில் யார் இருக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று இங்குள்ள பிள்ளைகள் கேட்கக்கூடாதா என்றேன். அவர் முகம் தெளியவில்லை. ஆனாலும் மகளை அனுப்புகிறார்.

கோபப்படுவதற்கு முன் திகதிகளை எழுதுங்கள். தாளின் இடப்பக்கம் கொள்கைக்கு. 1992 தேர்தலில் பில் கிளின்டன் தடையை நீக்குவதாக வாக்களித்தார். 1993 ஜூலை 19இல் 'கேட்காதே, சொல்லாதே' என்ற சமரசத்தை அறிவித்தார்: பாலீர்ப்பைப் படை கேட்காது, ஆனால் அதை வெளிப்படுத்துபவர் விலக்கப்படுவார். அதே ஆண்டு நவம்பர் 30இல் அது சட்டமாகக் கையெழுத்தானது. 2010 டிசம்பர் 22இல் ஒபாமா நீக்கற் சட்டத்தில் கையொப்பமிட்டார்; 2011 செப்டம்பர் 20இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் 13,000 பேருக்கு மேல் படையிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

வலப்பக்கத்தில், நீங்கள் விசாரிக்கும் ஆள் அந்தந்த நாளில் எந்த நாற்காலியில் இருந்தார் என்று எழுதுங்கள். பாதி வாதங்கள் இங்கேயே விழுந்துவிடும். கொலின் பவலை எடுங்கள். கூட்டுப்படைத் தலைவர் என்ற முறையில், சட்டப்படி ஜனாதிபதியின் தலைமை இராணுவ ஆலோசகர் அவர்தான். தடையை நீக்குவதை வெளிப்படையாக எதிர்த்தார். 1993 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெற்றார். சட்டம் கையெழுத்தானபோது பதவியில் இல்லை. அதனால் தப்பிவிட்டாரா? இல்லை. ஜூலையில் சமரசம் அறிவிக்கப்பட்டபோது பதவியில் இருந்தாரே.

கிளின்டனின் வெள்ளை மாளிகையில் சட்ட ஆலோசகராக இருந்து, பின்னர் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசரான எலேனா கேகனுக்குக் கணக்கு வேறு. வெள்ளை மாளிகைக்கு அவர் வந்ததே 1995இல். சட்டத்தை ஆக்கியதில் அவருக்குப் பங்கில்லை. பின்னர் ஹாவர்ட் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியாக இருந்தபோது அதைக் கடுமையாகக் கண்டித்தார், படைக்கு ஆட்சேர்க்க வருவோருக்கும் கட்டுப்பாடு விதித்தார். 2010இல் உயர் நீதிமன்ற நியமனத்துக்காக செனட் முன் வந்தபோது எதிர்த்தரப்பினர் இதைப் பிடித்துக்கொண்டார்கள்: சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதியிடமே வேலை பார்த்துவிட்டு, படையினர் மீது கோபமா? கேட்டவர்களின் நோக்கம் எனக்கு உவப்பானதல்ல, ஆனால் கேள்வி நியாயமானது. இந்த இடத்தில் 'ஆக்கினார்' என்று எழுதும் மாணவருக்கு நான் புள்ளி கொடுக்க மாட்டேன். 'அங்கே இருந்தபோது என்ன சொன்னார்?' என்று கேட்பவருக்குக் கொடுப்பேன். விடையை ஆவணங்களில் தேடவேண்டும்; அவருடைய வெள்ளை மாளிகைக் கோப்புகள் அந்த ஆண்டிலேயே வெளியிடப்பட்டன.

செனட்டர் சாம் நன்னையும் ஆலோசகர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அவர் ஆயுதப்படைக் குழுவின் தலைவர், வாக்குள்ளவர். வாக்குள்ளவரின் பொறுப்பைத் தனியாக எழுதுங்கள். 1993இல் நோர்ஃபோக் கடற்படைத் தளத்துக்குப் போய், நீர்மூழ்கியின் நெருக்கமான படுக்கைகளைத் தொலைக்காட்சிக் கமெராக்களுக்குக் காட்டியவர் அவர். அதுதான் வாதமா, டீச்சர் என்று கடற்படைக்காரர் ஒருவரின் மகன் சிரித்தான்.

அடுத்தது, எல்லோரும் கடைசியில் எடுக்கும் குடை: 'அந்தக் காலம் அப்படி.' இதைச் சோதிப்பது எளிது. அதே காலத்தில், அதே தகவலோடு, வேறு யாராவது வேறு முடிவுக்கு வந்தார்களா என்று பாருங்கள். கனடாவும் அவுஸ்திரேலியாவும் 1992இலேயே தடையை நீக்கிவிட்டன. பாதுகாப்புச் செயலாளர் லெஸ் ஆஸ்பின் கேட்டுப் பெற்ற ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் 1993 அறிக்கை, தடையை நீக்கலாம், ஒருவரின் பாலீர்ப்பைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது. அது அவர்கள் மேசையிலேயே இருந்தது. கிளின்டனின் நண்பராகவும் தேர்தல் ஆலோசகராகவும் இருந்த டேவிட் மிக்ஸ்னர் அதே ஜூலையில் வெள்ளை மாளிகைக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்து கைதானார். 'யாருக்கும் தெரியாது' என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. 'காங்கிரஸில் வாக்குகள் இல்லை' என்பது வேறு வாதம். அதற்கு உயிர் இருக்கிறது, மதித்துப் பதில் சொல்லுங்கள்.

பிறகு மனம் மாறியவருக்கு எவ்வளவு புள்ளி? 2010 பெப்ரவரியில் பவல் நீக்கத்தை ஆதரித்தார். மனப்பாங்குகளும் சூழ்நிலைகளும் மாறிவிட்டன என்றது அவர் அறிக்கை. அப்படியென்றால் மாறியது காலம். 1993இல் சொன்னது தவறென்று அதில் இல்லை. அவருடைய பெயர் நீக்கத்துக்குப் பெரிய பலம் என்பதால் நான் பாதிப் புள்ளி தருவேன். பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும்.

கடைசிப் பயிற்சியை நம் நாட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். தன்பாலினத்தவரிடையேயான பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995 திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. குற்றமாக்கலை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆக, இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கத்துக்கு பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சாட்டின் 1995 இதழ்களை எடுத்து, யார் பேசினார்கள், யார் வாய் திறக்கவில்லை என்று எழுதிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள்.